மஞ்சள் மிதவையில போட்டைக் கட்டாதீங்க மக்கா

இந்த வாரம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து வாட்ஸப் குரூப் ஒண்ணுல ஒரு வீடியோ சுத்துச்சு. ஆழ்கடல்ல நிக்கிற மஞ்சள் மிதவையில போட்டைக் கட்டிப்போட்டு சூரை மீன் பிடிக்கிறாங்க, வீடியோவுக்குக் கீழ ஒரே கைதட்டலு. நான் ஆராய்ச்சிக் கப்பல் டெக்ல வேலை பாக்குறவன், அந்த மிதவைகளை இறக்குறதும் தூக்குறதும்தான் எங்க வேலையே. சோலார் பேனல் உடைஞ்சு, கம்பி அறுந்து, பேட்டரி களவு போயி நிக்கிற மிதவையை எத்தனை தடவைதான் தூக்குறது, மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

மிதவைக்கு அடியில மீன் அடையும், அது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டாம். ஆனா அது மீனுக்குப் போட்டது இல்ல. சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் போட்டது. சாகர் நிதி, சாகர் மஞ்சுஷா மாதிரி கப்பல்ல கொண்டுபோய் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துல நங்கூரம் போட்டு நிறுத்துறோம். ஏ.டி.னு பேரு தொடங்கினா அரபிக்கடல், பி.டி.ன்னா வங்கக்கடல். காத்து, காத்தழுத்தம், மழை, அலை எல்லாம் அளந்து செயற்கைக்கோள் வழியா கரைக்கு அனுப்பும்.

இதச் சொன்னா உடனே ஒரு பதில் வரும் பாருங்க, அதக் கேட்டாத்தான் எனக்கு ஆத்திரமே. "மேல செயற்கைக்கோள் எல்லாம் பாக்குதே, ஒரு மிதவை போனா என்ன?" படிச்ச பசங்களே சொல்றானுவ. செயற்கைக்கோளுக்குத் தெரியிறது கடலோட மேல்தோல் மட்டும்தான், அதுவும் அகச்சிவப்புல பாக்குறது மேகம் மூடிட்டா ஒண்ணும் தெரியாது, மைக்ரோவேவ்ல பாக்குறது மேகத்தைத் தாண்டும், ஆனா அதுவும் மேல்தோலோட நின்னுடும். மூடி போட்ட சட்டியை வெளியேர்ந்து பாத்து சோறு வெந்துச்சான்னு சொல்ற கதைதான். புயலுக்குத் தீனி அம்பது, நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தேங்கிக் கிடக்குற சூட்டுத் தண்ணி. வங்கக்கடல்ல ஆத்துத் தண்ணியும் மழைத் தண்ணியும் மேல லேசா படிஞ்சு நிக்கும், அது கீழ இருக்கிற குளிர்ந்த தண்ணியை மேல வந்து கலக்க விடாது, சூடு ஆறாம நிக்கும், இதையெல்லாம் அங்க இறங்கி அளந்தாத்தான் தெரியும். எங்க மிதவையில ஓம்னின்னு ஒரு வகை, அதுல 500 மீட்டர் ஆழம் வரைக்கும் கம்பியில சென்சார் தொங்குது, வெப்பமும் உப்பும் அளக்கும். அப்புறம் காத்தழுத்தம், கடல் மட்டத்துல அது எவ்வளவுன்னு மேல இருந்து நேரா அளக்க முடியாது, அந்த இடத்துல ஒரு கருவி நின்னே ஆகணும். 2013ல ஃபைலின் புயல் ஒரு மிதவைக்கு ரொம்பப் பக்கத்துல போச்சு, அழுத்தம் விழுந்ததை அது நின்னு பதிஞ்சுது. அந்தக் காத்துல எந்தக் கப்பலை அனுப்புவீங்க?

நம்ம பக்கத்துக் கடலையே எடுத்துக்குங்க. கேரளாவுக்கும் லட்சத்தீவுக்கும் நடுவுல பருவமழைக்கு முன்னாடி தண்ணி 30 டிகிரிக்கு மேல சூடாகும். 1983ல ஜெர்மனியில கட்டின சாகர் கன்யா கப்பலை வச்சு 2002, 2003ல ஆர்மெக்ஸ்னு ஒரு அரபிக்கடல் பருவமழை ஆய்வு நடத்தி இதையும் அளந்தாங்க. ஆனா கப்பல் எத்தனை நாள் ஒரே இடத்துல நிக்கும்? அது திரும்பின பிறகு அங்க நிக்கிறது மிதவைதான்.

ஒக்கி புயலை நம்ம கரையில நீரோடியிலிருந்து கொளச்சல் வரைக்கும் யாரும் மறக்கல. 2017 நவம்பர் 29ல வெறும் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில புயல். ஒரு நாள்ல இப்படி முறுகுற கடல்ல ஒவ்வொரு அளவும் எனக்கு உசுரு மாதிரி. எத்தனை வீட்டுல ஆளு திரும்பி வரல. அந்தக் கரையில பொறந்தவனே பேட்டரியைக் கழட்டி வந்து போட்டுல லைட்டு எரிக்கிறான்னா நான் என்னத்தச் சொல்ல.

ஒண்ணு கெட்டுப்போனா நாளைக்கே மாத்திடலாம்னு நெனைக்காதீங்க. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அரபிக்கடல் இருக்கிற இருப்புல டெக்ல நின்னு மிதவை தூக்குறது ரொம்ப ஆபத்து, அடுத்த நல்ல வானிலை வரைக்கும் அந்த இடம் குருடுதான். கப்பல் அதுக்குன்னு திரும்பினா வேற மிதவையோட சர்வீஸ் தள்ளிப்போகும். (டெக்ல நிக்கிற பயலுவளுக்கு அறுந்த கம்பி எவ்வளவு ஆபத்துன்னு வீட்டுல சொல்றதே இல்ல.)

அதனால தயவுசெஞ்சு, போட்டைக் கட்டாதீங்க, மேல ஏறாதீங்க, பெட்டியைத் தெறக்காதீங்க, பேட்டரி உள்ள இருக்கு, வெடிச்சா முகம் போயிடும். நங்கூரக் கம்பி நீளம், மிதவை ஒரே இடத்துல நிக்காது, நீரோட்டத்துக்குத் தக்க சுத்திட்டே இருக்கும், அதனால நல்லா தள்ளி வலை விடுங்க. மிதவை அறுந்து தனியா மிதக்குறத பாத்தா இழுத்துட்டு வராதீங்க, மேல எழுதியிருக்கிற பேரையும் ஜி.பி.எஸ். பொசிஷனையும் குறிச்சுட்டு கோஸ்ட் கார்டுக்கு 1554ல சொல்லுங்க, ஃபோன் கிடைக்கலன்னா போட்டுல இருக்கிற வி.எச்.எஃப். ரேடியோ சேனல் 16ல சொல்லுங்க. கேரளாவுல தோப்பும்படியிலயும் முனம்பத்திலயும் போட்டு வச்சிருக்கிற நம்ம ஆளுங்க அங்கத்த மலையாளி சேட்டன்மாருக்கும் இதச் சொல்லணும், அவங்க போட்டும் அதே கடல்லதானே ஓடுது.

நூத்துக்கணக்குல கொக்கி கட்டின ஆயிரங்கால் தூண்டில் மிதவைக் கம்பியில சிக்கிடுச்சுன்னா வயித்தெரிச்சல்தான், அந்தக் கயிறும் கொக்கியும் கடன் வாங்கின காசுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் மக்கா, உங்க கயிறை அறுத்து விடுங்க, மிதவைக் கம்பியில கத்தி வைக்காதீங்க.