மத்திய ராணுவம் பயிற்சிக்கு வந்தால் மாநிலப் படையால் என்ன செய்ய முடியும்?

2015 ஏப்ரல் 27. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள பாஸ்ட்ராப் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) ஒரு பொதுக்கூட்டம். அங்கே நடக்கவிருந்த ‘ஜேட் ஹெல்ம் 15’ என்ற மத்திய ராணுவத்தின் பயிற்சியைப் பற்றி விளக்க லெப்டினன்ட் கர்னல் மார்க் லாஸ்டோரியா வந்திருந்தார். எங்கள் துப்பாக்கிகளைப் பறிக்கப் போகிறீர்களா, ராணுவ ஆட்சி வரப்போகிறதா என்று மக்கள் எழுந்து எழுந்து கேட்டார்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனாலும் பலருக்கு மனம் சமாதானமாகவில்லை.

மறுநாளே கவர்னர் கிரெக் அபட் ஓர் உத்தரவு போட்டார். பயிற்சி நடக்கும் நாட்களில் ‘டெக்சாஸ் ஸ்டேட் கார்டு’ என்ற மாநிலப் படை அதைக் கண்காணித்து அவ்வப்போது தனக்குத் தகவல் தர வேண்டும் என்றார். அங்கே கவர்னர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அவரே இப்படிச் சொன்னதும், மாநிலப் படை மத்தியப் படையைத் தடுத்து நிறுத்தப் போகிறது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது.

முதலில் யார் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், குழப்பமே அங்கேதான். ‘நேஷனல் கார்டு’ என்பது இரண்டு எஜமானர்கள் உள்ள படை. புயல், வெள்ளம் என்றால் கவர்னர் கூப்பிடுவார். போர் என்றால் ஜனாதிபதி தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வார். கவர்னர் சம்மதிக்காவிட்டாலும் அதன் வீரர்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.

‘ஸ்டேட் கார்டு’ வேறு. அமெரிக்காவில் சுமார் 20 மாநிலங்களில் இப்படியொரு படை இருக்கிறது. இது முழுக்க மாநிலத்துக்குச் சொந்தம். ஒரு மாநிலம் தன் நேஷனல் கார்டு போக இப்படித் தனிப் படை வைத்துக்கொள்ளலாம் என்று மத்தியச் சட்டத் தொகுப்பின் 32-ஆம் தலைப்பு, 109-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் படையை மத்திய ராணுவத்தில் சேர்க்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேஷனல் கார்டு மத்தியப் பணிக்குப் போய்விட, ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று உருவான ஏற்பாடு இது. டெக்சாஸில் 1941-இல் தொடங்கியது. படையில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். மற்ற நாட்களில் சொந்த வேலையைப் பார்ப்பவர்கள். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனைப் புரட்டிப்போட்டபோது மீட்பிலும் நிவாரண முகாம்களிலும் இவர்கள் உழைத்தார்கள். இவர்களுடைய உண்மையான பலம் அதுதான்.

மூன்றாவது, தாங்களே ‘மிலிஷியா’ என்று பெயர் வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு திரியும் தனியார் குழுக்கள். இவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. மாநிலங்கள் இவற்றைத் தடைசெய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1886-லேயே சொல்லிவிட்டது. ராணுவ ஆட்சி வரப்போகிறது என்ற ஜேட் ஹெல்ம் வதந்தியை நம்பி ஆயுதம் சேர்த்ததாக வட கரோலினாவில் மூன்று பேர் 2015 ஆகஸ்டில் கைதானார்கள்.

சரி, கவர்னரின் உத்தரவால் ஸ்டேட் கார்டுக்குக் கிடைத்த அதிகாரம் என்ன? பார்ப்பது, கேட்பது, கவர்னருக்குத் தெரிவிப்பது. அவ்வளவுதான். பயிற்சியை நிறுத்தவோ மத்திய வீரர்களைத் தடுக்கவோ அதற்கு வழியில்லை.

இந்த பயம் வெறும் அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1997 மே மாதம், டெக்சாஸ் எல்லையோர ரெட்ஃபர்ட் கிராமத்தில் 18 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு சின்ன ரைஃபிள். போதைப் பொருள் கடத்தலைக் கண்காணிக்க வந்த ‘மரைன்’ என்ற மத்திய ராணுவப் பிரிவின் வீரர்கள் நால்வர், இலைதழை போன்ற உடையில் புதரோடு புதராக மறைந்திருந்தார்கள். அவர்கள் அங்கே இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்களில் ஒருவர் சுட்டதில் அந்தப் பையன் இறந்துபோனான். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்னால், அதே மாநிலத்தின் வேகோவில், ஒரு மதக் குழுவின் இருப்பிடத்தை மத்திய அரசு வளைத்துக்கொண்ட 51 நாள் முற்றுகை தீயில் முடிந்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். இதையெல்லாம் கண்ட மக்கள் ராணுவ வண்டியைப் பார்த்ததும் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

முன்கூட்டிச் சொல்லாததால் ராணுவமும் தன் ஆட்களை இழந்திருக்கிறது. வட கரோலினாவில் சிறப்புப் படைகளுக்கு ‘ராபின் சேஜ்’ என்ற பயிற்சி ஊர்களுக்குள்ளேயே நடக்கும். 2002-இல் சாதாரண உடையில் வந்த வீரர்களை ஷெரிஃப் அலுவலகத்தின் (கவுண்டி போலீஸ்) காவலர் ஒருவர் வழிமறித்தார். அவரும் பயிற்சியில் நடிக்கும் ஆள் என்று வீரர்கள் நினைத்துவிட்டார்கள். அவருக்கோ அப்படியொரு பயிற்சி நடப்பதே தெரியாது. அவர் சுட்டதில் ஒரு வீரர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். அதன் பிறகுதான் உள்ளூர்ப் போலீசுக்கு முன்னறிவிப்பு, அடையாளப் பட்டை என்றெல்லாம் முறைகள் இறுகின.

ஜேட் ஹெல்மில் அந்த முன்னறிவிப்பு இருந்தது. ஆனால் ராணுவத்தின் விளக்கப் படத்தில் டெக்சாஸும் யூட்டாவும் சிவப்பு நிறத்தில் ‘எதிரிப் பகுதி’ என்று குறிக்கப்பட்டிருந்தன. பயிற்சிக் கதைக்கான குறிப்புதான். ஆனாலும் சொந்த ஊரை எதிரி என்று எழுதியிருப்பதைப் பார்த்தவருக்கு எப்படி இருக்கும்? அந்த வார்த்தையை அன்றே விளக்கியிருக்க வேண்டும். கவர்னரும் கண்காணிக்க ஆள் போட்டதற்குப் பதிலாக, இது பயிற்சிதான் என்று தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ரஷ்யாவிலிருந்து இணையத்தில் இந்த வதந்தி ஊதிவிடப்பட்டது என்று சி.ஐ.ஏ.வின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2018-இல் கூறினார்.

அமெரிக்காவில் உங்கள் ஊருக்கு இப்படியொரு பயிற்சி வந்தால்? உங்கள் நிலத்தில் பயிற்சி நடத்த உங்கள் சம்மதம் வேண்டும். ஜேட் ஹெல்மிலும் தனியார் நிலங்கள் உரிமையாளர் அனுமதியோடுதான் பயன்படுத்தப்பட்டன. அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமின்றி வீரர்களைத் தங்கவைக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் மூன்றாம் திருத்தம். மத்திய ராணுவம் போலீஸ் வேலை பார்க்கக்கூடாது என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். நாடாளுமன்றம் அனுமதித்த விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பயிற்சி அதில் சேராது. சந்தேகம் வந்தால் கவுண்டி நீதிபதியையோ (டெக்சாஸில் அவர்தான் கவுண்டி நிர்வாகத் தலைவர்) ஷெரிஃப் அலுவலகத்தையோ கேளுங்கள். எந்தத் தேதி, எந்தச் சாலை, இரவில் வெடிச் சத்தம் இருக்குமா, புகார் சொல்ல எந்த எண் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை 15-இல் தொடங்கிய ஜேட் ஹெல்ம் செப்டம்பர் 15-இல் முடிந்தது. துப்பாக்கி எதுவும் பறிக்கப்படவில்லை. வீரர்கள் ஊர் திரும்பினார்கள்.