பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு? கணினி வலையமைப்புகள் இயங்கும் விதம்

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது ஓர் எழுத்தும் இடம் மாறாமல் முழுதாக வந்து சேர்கிறது. இதைப் பார்ப்பவர், இடையிலுள்ள கம்பிகளும் கருவிகளும் தகவலைக் கண்ணும் கருத்துமாகக் காத்துக் கொண்டுவந்து சேர்ப்பதாகத்தான் நினைப்பார். உண்மை நிலை வேறு. வழியிலுள்ள எந்த ரவுட்டரும் (தகவலை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் கருவி) தகவல் போய்ச் சேரும் என்று உறுதி அளிப்பதில்லை. நெரிசலில் அதைக் கைவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்லும் கடமைகூட அதற்கு இல்லை. வந்து சேர்வதில் நாம் காணும் ஒழுங்கையும் முழுமையையும் உண்டாக்குபவை அனுப்புகிற கணினியும் பெறுகிற கணினியும்தான். இது கவனக்குறைவால் நேர்ந்த ஏற்பாடன்று. 1970களில் பொறியாளர்கள் வாதிட்டு, தெரிந்தே எடுத்த முடிவு.

பழைய தொலைபேசி முறையில், பேசுகிற இருவருக்கும் இடையே ஒரு தடம் ஒதுக்கப்படும். அவர்கள் வாயே திறக்காவிட்டாலும் அழைப்பு முடியும்வரை அது வேறு யாருக்கும் கிடைக்காது. கணினிகளின் போக்கு அப்படியல்ல. ஒரு நொடியில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு நிமிடக்கணக்கில் சும்மா இருப்பது அவற்றின் வழக்கம். அவற்றுக்குத் தனித்தடம் ஒதுக்குவது வீண்செலவு. 1960களில், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் இயங்கக்கூடிய தொடர்பு முறையைத் தேடிய பால் பாரன் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்திலும், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள வழி தேடிய டொனால்ட் டேவிஸ் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விடைக்கு வந்தார்கள்: தகவலைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் சேர வேண்டிய முகவரியை எழுதி, தனித்தனியே அனுப்புவது. அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டேவிஸ்.

துண்டின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஈதர்நெட். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் தோன்றி, இன்று உலகெங்கும் அலுவலகங்களில் ஓடும் இந்த முறையில், ஒரு தடவையில் சாதாரணமாக ஏற்றக்கூடியது 1,500 பைட். அதில் 20 பைட்டை, முகவரியைக் கவனிக்கும் ஐ.பி. நெறிமுறையின் (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) தலைப்பும், அதாவது பாக்கெட்டின் முன்னால் ஒட்டப்படும் குறிப்பும், இன்னொரு 20 பைட்டை, தொலைந்ததைச் சரிபார்க்கும் டி.சி.பி. நெறிமுறையின் தலைப்பும் எடுத்துக்கொள்ள, உள்ளடக்கத்துக்கு மிஞ்சுவது 1,460 பைட். கைபேசியில் எடுத்த 30 லட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படத்தை அனுப்பினால், அது 2,055 பாக்கெட்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மற்றவற்றைப் பற்றி எதுவும் அறியாத தனிப்பயணி.

முதல் அடி வீட்டுக்குள்ளேயே எடுத்து வைக்கப்படுகிறது. கைபேசிக்குத் தெரிந்தது ரவுட்டரின் ஐ.பி. முகவரி மட்டுமே; 192.168.1.1 என்பது போன்ற அந்த எண்ணை வைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் கருவியிடம் நேரடியாக எதையும் கொடுத்துவிட முடியாது. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் மேக் முகவரி என்ற 48 பிட் (0 அல்லது 1 ஆன இலக்கம்) நீள எண் ஒன்று உண்டு. வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் நடக்கும் கைமாற்றம் அந்த எண்ணைக் கொண்டே நடக்கிறது. ஆகவே கைபேசி அந்த வலையமைப்பில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி, "192.168.1.1 யாருடையது? எனக்குச் சொல்லவும்" என்று ஒரு கேள்வியைப் பரப்புகிறது. ரவுட்டர் மட்டும் தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் அனுப்புகிறது. கைபேசி அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்தக் கேள்விக்கு வேறு ஏதேனும் கருவி முந்திக்கொண்டு பொய்ப்பதில் சொன்னால், கைபேசி அதையும் நம்பிவிடும். பொதுவிட வைஃபை பற்றிப் பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிப்பதற்கு இந்த வெள்ளந்தித்தனமும் ஒரு காரணம்.

பாக்கெட் ரவுட்டரை அடைந்ததும் மேக் முகவரி அடங்கிய வெளி உறை கழற்றி எறியப்பட்டு, அடுத்த அடிக்கான புதிய உறை போடப்படுகிறது. உள்ளே இருக்கும் ஐ.பி. முகவரி கடைசிவரை அப்படியே செல்கிறது. (வீட்டு ரவுட்டர் உள்முகவரியை அழித்துத் தன் வெளிமுகவரியை எழுதுவது இதற்கு விதிவிலக்கு. 32 பிட்டில் அமையும் ஐ.பி. முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியோடு தீர்ந்துபோவதால் வந்த ஒட்டுவேலை அது.)

அங்கிருந்து தொடங்குவது, முன்பின் தெரியாத ஒரு கிராமத்துக்கு வழி கேட்டுக்கொண்டே போகிறவரின் பயணம். முதல் தேநீர்க் கடைக்காரருக்கு அந்த ஊர் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இந்தப் பக்கம் போனால் அடுத்த முக்கில் கேளுங்கள்" என்று கைகாட்டத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு ரவுட்டரும் செய்வது இவ்வளவுதான். பாக்கெட்டின் தலைப்பில் உள்ள முகவரியைப் படித்து, தன் அட்டவணையில் அதனுடன் மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டை, அதாவது முகவரியின் தொடக்கப் பகுதியைத் தேடி, அதற்கு எதிரே குறிக்கப்பட்ட வாசல் வழியே வெளியே தள்ளுகிறது. இணையத்தின் நடுப்பகுதியில் உள்ள பெரிய ரவுட்டர்களின் அட்டவணையில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னொட்டுகள் இருக்கின்றன. அனுப்பிய பிறகு அந்தப் பாக்கெட்டைப் பற்றிய எந்தக் குறிப்பையும் ரவுட்டர் வைத்துக்கொள்வதில்லை. வெளிவாசலில் வரிசை நிரம்பிவிட்டால், புதிதாக வரும் பாக்கெட்டைப் பேசாமல் கீழே போட்டுவிடுகிறது. இரண்டு ரவுட்டர்கள் தவறுதலாக ஒன்றை ஒன்று கைகாட்டிக்கொண்டிருந்தால் பாக்கெட் முடிவின்றிச் சுற்றும் அல்லவா? அதற்காகத் தலைப்பில் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கணினிகளில் அது வழக்கமாக 64இல் தொடங்கும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கிறது. சுழியமானதும் பாக்கெட் அழிக்கப்படுகிறது.

இவ்வளவு பொறுப்பற்ற ஏற்பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? 1969இல் தொடங்கிய, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பு இப்படி இருக்கவில்லை. அதில் ஐ.எம்.பி. எனப்பட்ட இடைக்கணினிகள், பாக்கெட்டுகளைத் தொலைக்காமல் வரிசைப்படி சேர்க்கும் வேலையைத் தாமே சுமந்தன; இரு முனையிலும் இருந்த பெரிய கணினிகள் அதை நம்பியே இயங்கின. பிரான்சில் சிக்லாட் வலையமைப்பை உருவாக்கிய லூயி பூசான் இதற்கு மாறாக, நடுவழி எளிமையாக இருக்கட்டும், சரிபார்ப்பதை முனைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வழியை எடுத்தார். வானொலி அலையிலும் செயற்கைக்கோள் வழியிலும் இயங்கிய வலையமைப்புகளை ஆர்ப்பாநெட்டுடன் இணைக்க வேண்டிய நிலை வந்தபோது, அந்தப் பணியில் இறங்கிய அமெரிக்கப் பொறியாளர்கள் வின்ட் செர்ஃபுக்கும் பாப் கானுக்கும் பூசானின் வழியே பொருத்தமாகப் பட்டது. ஏனென்றால் காற்றில் செல்லும் பாக்கெட் தொலைவது அன்றாட நிகழ்ச்சி, அதைத் தடுக்கும் உத்தரவாதத்தை எல்லா வலையமைப்புகளிடமும் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். 1974இல் அவர்கள் வெளியிட்ட வடிவமைப்பு வளர்ந்து, டி.சி.பி., ஐ.பி. என்று இரண்டாகப் பிரிந்து, 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது.

எல்லாக் கம்பிகளும் பிழையின்றி இயங்கினாலும் முனைகளின் சரிபார்ப்பு தேவைப்படும் என்பதற்கு, சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பல சிறு வலையமைப்புகளை இடைக்கணினிகள் இணைத்திருந்தன. ஒவ்வொரு கம்பியிலும் பிழைச் சோதனை இருந்ததால், தகவல் பத்திரமாகச் செல்கிறது என்று நிரலர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் ஓர் இடைக்கணினி, உள்வரும் நினைவகத்திலிருந்து வெளிச்செல்லும் நினைவகத்துக்கு நகல் எடுக்கும்போது, ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை அடுத்தடுத்த இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. பிழை கம்பியில் இல்லை, கருவிக்குள் இருந்தது. அதனால் எந்தக் கம்பியின் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அந்த வழியாகத் திரும்பத் திரும்பச் சென்று மெல்லச் சிதைந்தன. கடைசியில் பழைய அச்சுப்பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுத்தான் அவற்றைத் திருத்த முடிந்தது. வைஃபை போன்ற முறைகள் இன்றும் தங்கள் எல்லைக்குள் தொலைந்ததை மறுபடி அனுப்பத்தான் செய்கின்றன. அதனால் வேகம் கூடும், முனைகளின் பொறுப்பு குறையாது.

அந்தப் பொறுப்பை டி.சி.பி. நிறைவேற்றும் முறை, எண்ணிப் பார்த்தால், ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது. அது பைட்டுகளுக்கு எண் இடுகிறது. பெறுகிறவர், தனக்கு அடுத்து வேண்டிய பைட்டின் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குவதாகக் கொள்வோம். முதல் பாக்கெட்டில் 1 முதல் 1,460 வரை உள்ள பைட்டுகள் வந்ததும் "1,461 வேண்டும்" என்று பதில் போகிறது. இரண்டாம் பாக்கெட் எங்கோ ஒரு ரவுட்டரின் வாசலில் கைவிடப்படுகிறது. மூன்றாவது வருகிறது, பெறுகிறவர் அதை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி "1,461 வேண்டும்" என்கிறார். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் அதே பதில்தான். ஒரே பதில் மூன்று தடவை கூடுதலாக வந்ததைக் கண்ட அனுப்புநர், இரண்டாம் பாக்கெட் தொலைந்தது என்று முடிவுகட்டி, அதை மட்டும் மீண்டும் அனுப்புகிறார். அது சேர்ந்த உடனே இடைவெளி அடைபட்டு, அடுத்த பதில் ஒரேயடியாக 7,301க்குத் தாவுகிறது. பின்னால் பாக்கெட்டே வராமல் பதிலும் நின்றுபோனால், அனுப்புநரிடம் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கெடு முடிந்ததும் மறுபடி அனுப்பப்படும்.

பார்க்க எளிதாகத் தெரிந்த இந்த ஏற்பாடு 1986 அக்டோபரில் கிட்டத்தட்ட இணையத்தையே நிறுத்தப் பார்த்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த தகவல், திடீரென்று நொடிக்கு 40 பிட்டுக்குச் சரிந்தது. காரணத்தைத் தேடிய வான் ஜேக்கப்சன், கருவி எதுவும் பழுதாகவில்லை என்று கண்டார். வரிசை நிரம்பியதால் பாக்கெட்டுகள் கைவிடப்பட்டன. பதில் வராததால் கணினிகள் அவற்றை மறுபடி அனுப்பின. அதனால் வரிசை மேலும் நிரம்பியது. ஒவ்வொரு கணினியும் தன் கடமையைத்தான் செய்தது, ஆனால் எல்லாம் சேர்ந்து பாதையை அடைத்துவிட்டன. ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் உருவாக்கி 1988இல் வெளியிட்ட தீர்வில் ஒரு ரவுட்டர்கூடத் தொடப்படவில்லை. பாக்கெட் தொலைவதை நெரிசலின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்வது என்று முனைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தொடக்கத்தில் சில பாக்கெட்டுகளை மட்டும் அனுப்பி, பதில் வர வர அளவை இரட்டிப்பாக்கிச் செல்ல வேண்டும். ஒன்று தொலைந்தால் அளவைக் குறைத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். கோப்பு ஒன்றைத் தரவிறக்கும்போது வேகம் ஏறி இறங்கி ஏறுவதைத் திரையில் காண்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தேடலுடையது. கணினிகள் தாமாக அடக்கி வாசிப்பதால்தான் பாதை எல்லோருக்கும் கிடைக்கிறது. அப்படி அடக்கி வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் மேலதிகாரி நடுவில் யாரும் இல்லை.

எல்லாச் செய்திக்கும் இத்தனை கண்டிப்பு தேவைப்படுவதில்லை. காணொளி அழைப்பில் அரை நொடிக்கு முந்தைய ஒலித்துண்டு தொலைந்தால் அதை மறுபடி பெற்று என்ன செய்வது? அதற்காகவே யு.டி.பி. என்ற நெறிமுறை இருக்கிறது. எண்ணிடாமலும் பதில் கேட்காமலும் அனுப்பிக்கொண்டே போவது அதன் இயல்பு. பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். கேள்விகளும் பெரும்பாலும் அதன் வழியாகவே செல்கின்றன.

அந்த யு.டி.பி.யின் மேல்தான் இப்போது க்விக் என்ற புதிய நெறிமுறை ஏறி நிற்கிறது. கூகுள் நிறுவனத்தில் தொடங்கி, 2021இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட க்விக், எண்ணிடுதல், மறுபடி அனுப்புதல், நெரிசலுக்குப் பணிதல் ஆகிய டி.சி.பி.யின் வேலைகளைத் தானே செய்கிறது. அது மிச்சப்படுத்துவது காத்திருப்பை. டி.சி.பி. பேசத் தொடங்கும் முன், இரு முனையும் தயார் என்று உறுதிசெய்ய ஒரு தடவை செய்தி போய்வர வேண்டும். மறைகுறியாக்கத்தின் இன்றைய பதிப்புக்கு இன்னொரு தடவை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் செல்லும் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர 32 மில்லி நொடிக்குக் குறைய வழியே இல்லை. இரண்டு தடவை என்றால், கோரிக்கையைச் சொல்லும் முன்பே 64 மில்லி நொடி கழிந்துவிடும். க்விக் இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடித்து 32ஐ மிச்சப்படுத்துகிறது. நடுவழி ரவுட்டர்களுக்கு அது இன்னுமொரு யு.டி.பி. பாக்கெட், அவ்வளவே, ஆகவே உலாவியையும் சர்வரையும் புதுப்பித்த உடனே அது ஓடத் தொடங்கியது. சில அலுவலகங்களின் ஃபயர்வால்கள் (வந்துபோகும் பாக்கெட்டுகளை வடிகட்டும் காவல் ஏற்பாடு) மட்டும் யு.டி.பி.யைத் தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே உலாவி சற்று முயன்று பார்த்துவிட்டு, பயனருக்குத் தெரியாமலே டி.சி.பி.க்குத் திரும்பிவிடுகிறது.