முகாம் சீட்டில் 186: அடுத்து எங்கே போவது?

மருத்துவ முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்த்த சுகர் 186. சென்னைக்காரர் என்றால் மறுநாள் வெறும் வயிற்றோடு தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்துவிடலாம். அதே சீட்டு ஜவ்வாது மலையில் ஒருவர் கையில் இருந்தால், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து அவர் யோசிக்க வேண்டும். பரிசோதனை இன்று ஏறக்குறைய எல்லா ஊருக்கும் வருகிறது. அதற்கு அடுத்த படிதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

186-ஐ வைத்து மட்டும் சர்க்கரை நோய் என்று சொல்லிவிட முடியாது. பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினாலே எண் ஏறும். எட்டு மணி நேரப் பட்டினியில் 126, அல்லது ஹெச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.5 சதவீதம், இந்த அளவைத் தொட்டு, மறுமுறை பார்த்தபோதும் அப்படியே இருந்தால்தான் உறுதி. அடங்காத தாகம், எடை குறைவு இவற்றோடு 200-ஐத் தாண்டியிருந்தால் மறுசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

தூரம் இங்கேதான் வேலையைக் காட்டும். குழாயில் எடுத்து வைத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. காலை எட்டு மணிக்கு மலையில் எடுத்த 135, பதினோரு மணிக்கு அடிவார லேபில் 115-ஆக நிற்கும். ரிப்போர்ட்டில் 'சர்க்கரை நோய் இல்லை' என்று வந்துவிடும்! சாம்பல் மூடி போட்ட ஃப்ளூரைடு குழாய்கூட முதல் ஓரிரு மணி நேரம் இதை முழுதாகத் தடுக்காது. ஐஸில் வைத்து, சீக்கிரமே மெஷினில் சுழற்றி அணுக்களைப் பிரிக்க வேண்டும்.

அந்த வசதி இல்லாத இடத்தில் ஊதா மூடிக் குழாயில் ஹெச்.பி.ஏ.1.சி. அனுப்பலாம், பயணத்தில் அவ்வளவு எளிதில் கெடாது. ஆனால் நீலகிரியில், கூடலூர்ப் பக்கத்துப் பணியர், குறும்பர் குடும்பங்களில் அரிவாள் அணு ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) உண்டு. அது இருப்பவருக்கு இந்த எண்ணையும் நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவோ அதைக் கூட்டிக் காட்டும். அங்கெல்லாம் ஆளே லேபுக்குப் போய், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பதுதான் சரி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம்தான். ஆனால் மாத்திரை கைக்கு வந்துவிடுகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரகத்துக்குச் சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், மூன்றும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

சீட்டில் 'சுகர் அதிகம்' என்று எழுதினால் போதாது. எண், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், போக வேண்டிய ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த அறை எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கண் டாக்டர் இல்லாத நாளில் மலையிறங்கி வந்தவருக்கு ஒருநாள் கூலி போச்சு. இன்னொரு நாள் கூலியையும் விட்டுவிட்டு அவர் வருவது கஷ்டம்.