ஸ்லைஸிலிருந்து மூல அரேக்குத் திரும்ப முடியுமா?

கோ (Go) நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு, அரேயின் ஒரு பகுதியைக் காட்டும் ஸ்லைஸ் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. ஆனால் ஸ்லைஸுக்குள் தரவு எதுவும் கிடையாது என்பது பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கிறது. தரவு இருப்பது அரேயில், அதாவது மதிப்புகளை நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கும் அமைப்பில். ஸ்லைஸில் இருப்பவை மூன்றே விவரங்கள்: தொடங்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர் (நினைவக முகவரி), நீளம், கொள்ளளவு. 64 பிட் கணினியில் மூன்றும் சேர்ந்து 24 பைட்தான்.

10, 20 என்று 100 வரை பத்து எண்கள் கொண்ட ஓர் அரேயை எடுத்துக்கொள்வோம். அதில் 30, 40, 50 ஆகிய மூன்றை மட்டும் ஸ்லைஸாக வெட்டுகிறோம். நீளம் 3. கொள்ளளவோ 8, ஏனென்றால் 30 தொடங்கி அரேயின் கடைசி வரை எட்டு இடங்கள் உண்டு. இந்த ஸ்லைஸையே கொள்ளளவு வரை மறுபடி வெட்டினால், 60 முதல் 100 வரை மறைந்திருந்த எண்களும் தெரியும்.

சரி, முன்னால் விட்டுவந்த 10, 20? அவற்றுக்கு வழியில்லை. பாயிண்டர் 30-க்கு நகர்ந்துவிட்டது. எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பு ஸ்லைஸில் எங்கும் இல்லை. மொழியின் பாதுகாப்பு விதிகளைத் தாண்ட உதவும் அன்சேஃப் பேக்கேஜைக் கொண்டு முகவரியைப் பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? மூல அரே பிறகு தேவைப்படும் என்றால், அதையும் கையோடு வைத்துக்கொள்வதே நல்லது.

நான் மிகவும் அஞ்சுவது, ஸ்லைஸின் கடைசியில் மதிப்பைச் சேர்க்கும் அப்பெண்டைத்தான். அந்த மூன்று எண்களோடு 999-ஐச் சேர்த்துப் பாருங்கள். கொள்ளளவில் இடம் இருப்பதால் அது மூல அரேயில் 60 இருந்த இடத்தில் போய் உட்காரும். பிழைச்செய்தி எதுவும் வராது. வெட்டும்போதே தொடக்கம், முடிவு ஆகிய இரண்டு எண்களோடு மூன்றாவது எண் ஒன்றையும் கொடுத்துக் கொள்ளளவையும் 3 ஆக்கிவிட்டால், அப்பெண்ட் புது அரேக்கு மாறிக்கொள்ளும், 60 தப்பிக்கும். கோ 1.2 முதல் இந்த வசதி இருக்கிறது. அப்புறம், கோ 1.17-இலிருந்து ஸ்லைஸை அரே பாயிண்டராகவும் மாற்றலாம். நகல் எடுக்காமல் அதே நினைவகத்தைத்தான் அது காட்டும். ஆனால் கேட்கும் அரே ஸ்லைஸின் நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும்.

நம்மால் தொட முடியாத அந்த 10, 20-ஐ, தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் மறப்பதில்லை. நடுவில் ஓரிடத்தைக் காட்டும் பாயிண்டர் ஒன்று இருந்தாலே, முழு அரேயையும் அது நினைவகத்தில் வைத்திருக்கும். 100 மெகாபைட் கோப்பைப் படித்து, அதிலிருந்து 20 பைட் ஸ்லைஸ் ஒன்றை மட்டும் சேமித்தால், அந்த 100 மெகாபைட்டும் விடுபடாது. அந்த 20 பைட்டைத் தனியாக நகலெடுத்துக்கொண்டால்தான் விடுபடும்.