சொல் விளக்கம்: ஆத்திரமூட்டல்

கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருஷங்களில் எங்கள் பக்கம் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "அவன்தாங்க மாமா என்னை வம்புக்கு இழுத்தான்." மம்பட்டியை யார் முதலில் ஓங்கியது என்பதெல்லாம் அப்புறம். முதலில் இழுத்தது யார், அதுதான் பஞ்சாயத்தில் கேள்வி. சட்டத்தில் 'ப்ரொவகேஷன்' என்பதும் ஏறக்குறைய இதுதான்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். 'ப்ரோ' என்றால் முன்னே. 'வொகாரே' என்றால் கூப்பிடுதல். வாசலில் நின்று "வெளியே வாடா" என்று கத்துகிறார்களே, அதேதான். கோபம் என்ற பொருள் வேரில் கிடையாது. அந்த வகையில் நம் 'வம்புக்கு இழுத்தல்'தான் மூலத்துக்கு மிக நெருக்கம். ஆனால் வம்பு சின்ன விஷயம். சட்டம் கேட்பது பெரிய விஷயம்.

எழுத்துத் தமிழில் கோபமூட்டல், சினமூட்டல், ஆத்திரமூட்டல் மூன்றும் வழங்குகின்றன. நான் மூன்றாவதையே எடுப்பேன். ஆத்திரம் வடமொழி வழி வந்ததாயிற்றே, சினம்தானே தமிழ் என்பார்கள். சரி. ஆனால் சினத்தை வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருக்கலாம், ஆத்திரத்தை முடியாது. 'ஆத்திர அவசரத்துக்கு ஒரு நூறு ரூபாய்' என்று கேட்கும்போது அதில் கோபம் ஏது? பதற்றம்தான். சட்டத்தின் தொடர் 'கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்'. திடீர் என்பதில் பாதியை ஆத்திரம் தானே சுமந்துகொள்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 122-ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 334, 335 இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஆத்திரமூட்டியவனுக்குக் காயம் விளைவித்தால் ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 500 ரூபாய். கொடுங்காயம் என்றால் ஐந்து வருஷம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை, அல்லது இரண்டும். முன்பு நான்கு வருஷம், 2,000 ரூபாய். ஆத்திரமூட்டல் இல்லாத சாதாரண அடிதடிக்கு ஒரு வருஷம், கொடுங்காயத்துக்கு ஏழு வருஷம் வரை போகலாம். ஆக, இந்தப் பிரிவு மன்னிப்பு அல்ல, தள்ளுபடி. ஒரு பல் உடைந்தாலே கொடுங்காயம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குறுவைப் பயிர் வாடுகிறது. முறைத் தண்ணீர் உங்களுடையது. ராத்திரி போய்ப் பார்த்தால் பக்கத்து வயல்காரர் மடையை அடைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் உங்கள் தாயாரை இழுத்துத் திட்டுகிறார். மம்பட்டிக் காம்பால் ஒன்று வைத்துவிட்டீர்கள். இந்தப் பிரிவைப் பேச இடமிருக்கிறது. அந்த ஏச்சு அவ்வளவு கடுமையானதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். விலக்கிவிட வந்த அவருடைய மச்சானையும் தெரிந்தே அடித்திருந்தால், அந்த அடிக்குத் தள்ளுபடி கிடையாது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, விடிந்து போய் அடித்தாலும் அப்படித்தான். அதற்குப் பெயர் ஆத்திரம் இல்லை, கறுவுதல். "ரொம்ப நாளா கறுவிக்கிட்டு இருந்தான்" என்று ஊரில் சொல்வோமே, அது. கொலை வழக்கானாலும், கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது இந்த இடைவெளியைத்தான்: அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து சுட்டது வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழிந்திருக்கிறது, மனம் நிதானத்துக்கு வரப் போதும் என்றது.

கடுமை எது என்பதற்குத் தொல்காப்பியம் எப்போதோ ஒரு அளவு வைத்திருக்கிறது. வெகுளி, அதாவது கோபம், பிறக்க அது சொல்லும் காரணம் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடிக்குக் கேடு செய்வது, அலைத்து வருத்துவது, கொல்வது. மடை அடைப்பது பட்டியலில் இல்லை. குடிகோளில் சேர்க்கலாம் என்று கடைமடைக்காரர்கள் வாதாடுவார்கள்.

மடையை அடைத்தது பக்கத்து வயல்காரர் இல்லை, லஸ்கர், அதாவது மடையைத் திறந்து மூடும் அரசு ஊழியர், என்றால் கதையே வேறு. அவர் முறைப்படி தன் வேலையைச் செய்திருந்தால், உங்களுக்கு எவ்வளவு பொங்கினாலும் சட்டக் கணக்கில் அது ஆத்திரமூட்டலே அல்ல.