பார்ஜின் விளிம்பில் ஐந்தாவது மணி நேரம்

மிசிசிப்பி ஆற்றில் ஓடும் டோபோட், இழுவைப் படகு என்று பெயர் பெற்றிருந்தாலும் எதையும் இழுப்பதில்லை. தன் தட்டையான முகப்பைப் பார்ஜுகள் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளோடு எஃகு வடங்களால் இறுகப் பிணைத்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒரு பார்ஜின் நீளம் 195 அடி, அகலம் 35 அடி. ஏறத்தாழ 1,500 டன் சரக்கை அது ஏற்கும். ஆற்றின் மேற்பகுதியில் இத்தகைய 15 பார்ஜுகளை ஒன்றாகக் கட்டித் தள்ளுவது வழக்கம். அவற்றின் மேல் டெக் பணியாளனாக வேலை செய்து, பின்னர் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்க வந்தவன் நான். புயலையும் மூடுபனியையும் விட, பார்ஜின் விளிம்புக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு என்று வாரக்கணக்கில் நாள்கள் நகர்கின்றன. உணவு, குளியல், வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எல்லாம் அந்த ஓய்விலேயே அடங்குவதால், தொடர்ந்து ஐந்து மணி நேரம் உறங்குவதே அரிது. நள்ளிரவில் தொடங்கும் வேலையின் ஐந்தாவது மணி நேரத்தில் கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. அப்படியொரு வேளையில், வடத்தை இறுக்கும் ராட்செட்டில் கால் இடறி விளிம்பருகே நான் விழுந்தபோது, உடன் வந்தவர் என் உயிர்காப்பு அங்கியைப் பற்றி இழுத்ததால்தான் பிழைத்தேன். முன்முனையில் ஆற்றில் விழுபவரை நீரோட்டம் பார்ஜுகளுக்கு அடியில் இழுத்துவிடும்; எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினாலும் அவ்வளவு பெரிய சுமை உடனே நிற்காது.

நீர்மட்டம் மாறும் இடங்களில் படகுகளை ஏற்றி இறக்கும் கதவுள்ள அறைகளான நீர்ப்பூட்டுகளில் ஆபத்து வேறு வகையானது. பெரும்பாலான பூட்டறைகள் 600 அடி நீளமும் 110 அடி அகலமும் உடையவை என்பதால், முதலில் ஒன்பது பார்ஜுகளையும் அடுத்து ஆறு பார்ஜுகளோடு படகையும் கடத்தி, மறுபுறம் மீண்டும் பிணைக்க வேண்டும். சுவருக்கும், மூன்று பார்ஜுகள் அருகருகே சேர்ந்து 105 அடி அகலமுள்ள வரிசைக்கும் இடையே, நடுவில் சென்றால்கூட, பக்கத்துக்கு இரண்டரை அடியே மிஞ்சும். அந்த இடைவெளியில் கையோ காலோ நீட்டவே கூடாது. இழுபடும் கயிறு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும். அது பாயக்கூடிய நேர்கோட்டை விட்டு விலகி நிற்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இரவில் முன்முனைக்குத் தனியாகச் செல்ல நான் யாரையும் அனுமதிப்பதில்லை. களைப்பாக இருக்கிறது என்று ஒரு பணியாளர் வாக்கி-டாக்கியில் சொன்னால், கேப்டன் அதைச் சோம்பலாகக் கருதாமல் அவரை விளிம்பிலிருந்து திரும்ப அழைக்க வேண்டும். வடத்தை இறுக்குவது பத்து நிமிடம் தாமதமானாலும் சரி.