8 வாரம் என்று சொல்லி விற்ற குட்டி

நாய்க்குட்டியின் மேலுதட்டைக் கால்நடை மருத்துவர் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிக் காட்டினார். ஊசிமுனை போன்ற கோரைப்பற்கள் முளைத்திருந்தன. நடுவில் வெட்டுப்பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு அப்போதுதான் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. கோரைப்பல்லுக்குப் பின்னால் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று ஈறு மட்டும்தான் இருந்தது. "எத்தனை வாரம் என்று சொல்லி விற்றார்கள்?" 8 வாரம் என்றேன். "5 வாரம்கூட முழுசாக ஆகியிருக்காது" என்றார்.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் மொத்தம் 28. மேலே 14, கீழே 14. மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக முளைத்து, 8 வாரம் ஆகும்போது ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். குட்டியை வாங்கிய அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன், வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள். கூடப் பிறந்த குட்டிகள் எங்கே என்று கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. வாசலிலேயே வைத்துக் குட்டியையும் ஒரு தடுப்பூசி அட்டையையும் கையில் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தது. அதற்குள் குட்டி என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டது.

மூன்று வாரம்தானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு குட்டியின் கணக்கில் அது மிகப் பெரிய காலம். பிறக்கும்போது அதற்குக் கண் தெரியாது, காது கேட்காது. சுமார் 10 முதல் 14 நாளில் கண் திறக்கும், காது கேட்க மூன்றாவது வாரம் ஆகிவிடும். தாய் நக்கிவிடாமல் முதல் இரண்டு வாரம் சிறுநீர்கூடப் போகத் தெரியாது. ஆக, 5 வாரக் குட்டி இந்த உலகத்தைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு வாழ்ந்த காலமே ஏறக்குறைய மூன்று வாரம்தான். அதே அளவு காலத்தைத்தான் தாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதில் பலரும் கவனிக்காதது நோய் எதிர்ப்பின் கணக்கு. மனிதக் குழந்தைக்கு, நோய்க்கிருமியைப் பிடித்து முடக்கும் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகவே தாராளமாக வந்து சேர்ந்துவிடும். நாய்க்கு அப்படியில்லை. அதன் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே அடுக்குகள் அதிகம். அதனால் எதிர்ப்பொருளில் 5 முதல் 10 சதவீதம்தான் கருவிலேயே கிடைக்கும். மற்றதெல்லாம் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த குட்டியின் குடல், சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருளைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். ஆனால் அந்தக் கதவு ஒரு நாளைக்குள் மூடிவிடும். முதல் சில மணி நேரத்தில் நன்றாகக் குடித்த குட்டிக்கு நிறைய கிடைக்கும், முலைக்காம்புக்கு முட்டி மோத முடியாத சவலைக் குட்டிக்குக் கொஞ்சம்தான்.

அப்படிக் கிடைத்த கையிருப்பும் கரைந்துகொண்டே போகும். தோராயமாக 9 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ல் தொடங்கினால் 9-வது நாளில் 50, 18-வது நாளில் 25, 36-வது நாளில் வெறும் 6. அதாவது 5 வாரம் தாண்டும் நேரத்தில், குறைவாகச் சீம்பால் குடித்த குட்டியிடம் பாதுகாப்பு என்று சொல்ல அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது.

சரி, உடனே தடுப்பூசி போட்டுவிடலாமே? இங்கேதான் சிக்கல். தாயின் எதிர்ப்பொருளுக்கு நோய்க்கிருமி எது, தடுப்பூசி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊசியில் வருவதையும் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். அது குறைந்துகொண்டே வரும்போது நடுவில் ஒரு கட்டம் வருகிறது. வெளியிலிருந்து வரும் வைரஸைத் தடுக்க அந்த அளவு போதாது, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதும். நோய்க்கு வாசல் திறந்திருக்கும், ஊசியும் வேலை செய்யாது. இந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் முடியும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். மூன்று ஊசியும் சேர்ந்துதான் பலம் தரும் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் தாயின் எதிர்ப்பொருள் வழிவிடும் தருணத்துக்குப் பிறகு குறைந்தது ஓர் ஊசியாவது விழ வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை முறை முயல்கிறார்கள்.

இப்போது வயதைப் பற்றிய பொய் என்ன செய்கிறது என்று பாருங்கள். அட்டையில் 16 வாரம் ஆகும் நாளில் குட்டிக்கு உண்மையில் 13 வாரம்தான். கடைசி ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக வெளியே கூட்டிப் போகிறோம். அந்த ஊசி உடலில் பிடிக்காமலே போயிருக்கலாம். வாசலில் சொன்ன ஒரு பொய் பல வாரம் கழித்து வந்து தாக்குகிறது. எங்கள் மருத்துவர் முதல் வேலையாகப் பழைய அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, பல்லைப் பார்த்துக் கணித்த பிறந்த தேதியோடு புது அட்டை எழுதினார். குட்டியை வாங்கி வந்த எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

இந்த இடைவெளியில் நுழையக் காத்திருப்பவற்றில் மிகக் கொடியது பார்வோ வைரஸ். 1978-ல் அடையாளம் காணப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் அது தேடிப் போகும். குடலின் உட்சுவரைப் புதுப்பிக்கும் செல்களும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. குடல் சுவர் உரிந்து வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரும். அதே நேரத்தில் போராட வேண்டிய வெள்ளணுக்களும் குறைந்துவிடும். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். வாங்கும்போது துள்ளிக்கொண்டிருந்த குட்டி நாலாம் நாள் சுருண்டு படுப்பது இதனால்தான். "நாங்கள் கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது" என்று விற்றவர் சொல்வார். பல இடங்களிலிருந்து குட்டிகளைக் கொண்டுவந்து ஒரே கூண்டில் அடைப்பவரிடம் இந்த வைரஸ் நுழைந்தால் லேசில் போகாது. கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் சோப்பும் ஆல்கஹாலும் அதை அசைப்பதில்லை. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். அழுக்கைக் கழுவிய பிறகு, தண்ணீரில் கலந்த பிளீச்சிங் கரைசலைச் சில நிமிடம் ஊறவிட்டால்தான் அழியும். இந்த வயதுக் குட்டி வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளைச் சாப்பாட்டைத் திரும்பியே பார்க்காமல் சோர்ந்து கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புழுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் உருளைப்புழு இளம்புழுக்கள் சினைக்காலத்தின் கடைசியில் விழித்துக்கொண்டு கருக்குட்டிக்குள் போய்விடும். பால் வழியாகவும் போகும். அதனால் 2 வாரத்திலிருந்தே, இரு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அக்கறையில்லாதவர் அதைச் செய்திருக்க மாட்டார். உப்பிய வயிற்றைப் பார்த்துக் கொழுகொழுவென்று இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், ஈறு வெளுத்துப்போகும். உருளைப்புழு மனிதருக்கும் தொற்றும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழிவை உடனுக்குடன் அள்ளுங்கள், கையைக் கழுவ வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பசும்பாலை ஊற்றி வைப்பதுதான் நம் கை முதலில் செய்யும் வேலை. நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலை விட இரண்டு மடங்குக்கும் மேல், லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு. பசும்பால் குட்டிக்குப் போதவும் போதாது, வயிற்றையும் கழிய வைக்கும். குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, நாளுக்கு நாலைந்து முறை கொடுப்பது நல்லது. சின்னக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே, முக்கியமாகச் சிறிய இனங்களில், ரத்தச் சர்க்கரை சரிந்து நடுங்கித் தள்ளாடும். அப்போது கொஞ்சம் சர்க்கரைக் கரைசலை ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

உடம்பைத் தேற்றிவிடலாம். மனசுக்கு வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் ஆண்டுக்கணக்கில் குட்டிகளைக் கவனித்து, ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் வரைதான் நாய்க்கு உலகம் பழகும் காலம் என்று கண்டார்கள். அங்கே நடந்து 1961-ல் வெளியான ஒரு சோதனையில், உயர்ந்த வேலி போட்ட வெளியில் மனித வாடையே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். 14 வாரம் வரை அப்படியே இருந்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டால் காட்டு விலங்கு போல மிரண்டன. இதைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் கொண்டுபோனால்தான் உங்களோடு ஒட்டும் என்று சில விற்பனையாளர்கள் பேசுவார்கள். அது பாதி உண்மை. மனிதரோடு பழகுவது தாயோடு இருக்கும்போதே நடக்கலாம். நாயாக இருப்பது எப்படி என்பதை நாய்களிடம்தான் கற்க முடியும்.

கடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குட்டிகள் உருண்டு புரள்கின்றன. ஒன்று மற்றதன் காதை அழுத்திக் கவ்வுகிறது. கடிபட்டது 'வீல்' என்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். விளையாட்டு நின்றுவிட்டது. கடித்த குட்டி விழித்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும், இந்த முறை சற்று மெதுவாக. இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடந்துதான் தாடைக்கு அளவு தெரிகிறது. 5 வாரத்தில் பிரிந்து வந்த எங்கள் குட்டிக்கு அந்த அளவு தெரியவில்லை. என் மணிக்கட்டில் சின்னச் சின்னப் புள்ளியாக ரத்தம் வராத நாளே இல்லை. அதை முரட்டுக் குட்டி என்று சொல்வது அநியாயம். அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

2011-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட 70 நாய்களையும் இரண்டு மாதத்தில் பிரிந்த 70 நாய்களையும் ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரிந்தவற்றில் பயம், ஓயாத குரைப்பு, சத்தத்துக்கு மிரளுதல், பொருள்களை நாசம் செய்தல் எல்லாமே அதிகம். வளர்ப்பவர்களிடம் கேட்டு எடுத்த தகவல் இது. சீக்கிரம் பிரிப்பவர் வேறு பல தப்புகளும் செய்பவராக இருக்கலாம் என்பதால் பழி முழுவதையும் பிரிவின் மேலேயே போட முடியாது. ஆனாலும் நான் வீட்டில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

இங்கே இரண்டு கடிகாரங்களும் மோதிக்கொள்கின்றன. பழகும் காலம் 12 வாரத்தை ஒட்டி முடிகிறது, தடுப்பூசிப் பாதுகாப்பு 16 வாரத்துக்குப் பிறகுதான் உறுதி. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் நோயில்லாத, ஆனால் நிழலுக்கும் நடுங்கும் நாய் கிடைக்கும். நாங்கள் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டினோம். தொப்பி போட்டவர், கைத்தடி ஊன்றியவர், குழந்தை, வண்டிச் சத்தம், மழைச் சத்தம் என்று தினமும் ஏதாவது ஒன்று. தடுப்பூசியெல்லாம் போட்ட, பொறுமையான பெரிய நாய் ஒன்றைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வரவழைத்தோம். என் கையால் சொல்லித்தர முடியாததை அந்த நாய் ஒரு சின்ன உறுமலில் சொல்லித்தந்தது. எங்களைக் கடித்தால் கையை ஆட்டாமல் எடுத்துக்கொண்டு, எழுந்து போய், அரை நிமிடம் கழித்துத் திரும்பி வருவோம். அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் பயத்தைத்தான் வளர்க்கும். ராத்திரி அழுதால் அழட்டும் என்று விடுவதும் அப்படித்தான். தனியே விடப்பட்ட குட்டியின் அழுகை தாயைக் கூப்பிடும் குரல். பெட்டியைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தோம்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. தாய் இருக்கும் இடம் தெரிந்து, அது சுத்தமான இடம் என்றால் 8 வாரம் ஆகும்வரை அங்கே விடுவதுதான் சிறந்தது. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, திருப்பிக் கொடுத்திருந்தால் குட்டி வேறொருவர் கைக்குத்தான் போயிருக்கும். ஆனால் பாவப்பட்டு நாம் கொடுக்கும் பணம்தான் விற்பவருக்கு அடுத்த ஈற்றுக்கு முதலீடு என்பதும் எனக்குத் தெரியும். கடைசிவரை கண்ணில் காட்டாத அந்தத் தாய்நாயை நினைக்காத நாள் இல்லை. அதனால் விலங்கு நல அதிகாரிகளிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம்.

புது அட்டையின்படி 16 வாரம் முடிந்ததும் கடைசி ஊசி போட்டோம். அதற்கடுத்த வாரம் பெட்டியைத் தட்டிப்போடும்போது துணி மடிப்பிலிருந்து முன்பல் ஒன்று விழுந்தது. அன்று மேலுதட்டைத் தூக்கியபோது அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த பற்களில் ஒன்று அது. குட்டி அதை மோந்து பார்த்துவிட்டு என் விரலை வாயில் கவ்வியது. வலிக்கவில்லை.